வெயிலுக்கு முதல் காப்பு முழுக்கைச் சட்டை

திருவேட்டக்குடிக் கரையில் சித்திரை மாத நண்பகலில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். திருவேட்டக்குடி அடங்கிய காரைக்கால் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும், சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே வருகிறது. முதல் முறை வரும்போது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையோடு நிற்கும். கடலுக்குப் போகவில்லை என்பதால் வெயில் குறைந்துவிடுவதில்லை. வலை சீரமைப்பது, படகைச் சுரண்டி வண்ணம் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் பழுதுபார்ப்பது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கின்றன. அத்தனையும் திறந்த வெளி வேலை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று இந்தக் கரை நெடுகிலும் கதை ஒன்றுதான். பெண்களுக்கோ தடைக்காலம் என்று ஒன்று கிடையாது. கருவாடு காயப்போடுவதற்கு வெயிலே மூலதனம்.

வெயில் தோலைக் கெடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் பேச்சு வந்ததும் முதலில் எழும் கேள்வி, “இயற்கையா என்ன பூசலாம்?” என்பதுதான். தேங்காய் எண்ணெய், கற்றாழை, மஞ்சள், சந்தனம், தயிர், எலுமிச்சை என்று பதிலும் உடனே வரிசையாக வந்துவிடும். இவற்றில் சில தோலுக்கு நல்லவை, சில வெயிலோடு சேர்ந்தால் கெட்டவை, வெயிலை நிறுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை. இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், நல்ல இயற்கைக் காப்பு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாம் வெயிலை உடம்பில் படும் சூட்டை வைத்து அளக்கிறோம். கத்திரி வெயில் என்றால் பயப்படுகிறோம், கடற்காற்று வீசினால் நிம்மதியாகிவிடுகிறோம். தோலைக் கெடுப்பது அந்தச் சூடு அல்ல. கண்ணுக்குத் தெரியாத, தொட்டால் சுடாத புற ஊதாக் கதிர்கள். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அவை கூடும், குறையும். காற்று குளிர்ச்சியாக இருக்கிறதா இல்லையா என்பது அவற்றுக்குப் பொருட்டே அல்ல. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். கடற்கரையில் இன்னொரு சங்கடம் உண்டு. உலர்ந்த மணல் விழும் கதிரில் 15 சதவீதம் வரையும், அலை நுரை 25 சதவீதம் வரையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைக்கு மேல் மட்டுமல்ல, முகவாய்க்குக் கீழிருந்தும் வெயில் வருகிறது. மாசி மகத்துக்குத் திருவேட்டக்குடிக் கோயில் சுவாமி திருமேனியழகர் கடலாட எழுந்தருளும்போது, காற்று வாங்கிக்கொண்டே கரையில் நெடுநேரம் நின்ற பிள்ளைகளின் முகம் மறுநாள் ஏன் எரிகிறது என்பதற்கு விடை இதுதான்.

இந்தக் கதிர்களில் நமக்கு வந்து சேர்பவை இரண்டு வகை. யூவி-பி தோலின் மேலடுக்கைச் சுடுகிறது. சிவந்து எரிவதும் உரிவதும் முக்கியமாக அதனால்தான். யூவி-ஏ இன்னும் ஆழம் போகும். சன்னல் கண்ணாடியைக்கூடப் பெருமளவு தாண்டிவிடும். தோலுக்கு இழுவையும் உறுதியும் தரும் இழைகளை மெல்ல மெல்ல அறுத்து, சுருக்கத்தையும் திட்டுத்திட்டான கருமையையும் கொண்டுவருகிறது. இரண்டுமே உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபுப் பொருளைச் சேதப்படுத்தக்கூடியவை. சூரியக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வரிசையில் 1992-லேயே சேர்த்துவிட்டது, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை.

“நாம கறுப்பு, நமக்கு ஒண்ணும் ஆகாது” என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நல்ல காப்புதான். கறுத்த தோலின் மேலடுக்கு யூவி-பி கதிருக்கு எதிராக எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 13 அளவுக்கும், வெள்ளைத் தோல் 3 அளவுக்கும் தானாகவே காப்பு தருவதாக 1979-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறோம். இந்தியாவில் தோல் புற்றுநோய் மிகக் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். ஆனால் மெலனினால் தடுக்க முடியாதவையும் உண்டு. முப்பது வயதுக்கு மேல் கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, சில மணி நேர வெயிலுக்கே கைகளில் கிளம்பும் அரிப்புப் பொரிகள், வெடித்து வெடித்துத் தடித்துப்போகும் கீழுதடு, கடலோரத்தில் நிறையப் பார்க்கிற கண் சதை வளர்ச்சி, கண்புரை ஆகியவற்றில் வெயிலுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் அந்த மெலனின் காப்பும் கிடையாது. அவர்களுக்கு வெயில் காப்பு என்பது அழகுச் சமாச்சாரம் அல்ல, சிகிச்சை.

இனி அடுக்களைப் பொருள்களுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய்க்கு எஸ்பிஎஃப் 8 இருக்கிறது என்று பலரும் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதன் மூலம் 2010-ல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஒரு கட்டுரை. அவர்கள் மூலிகை எண்ணெய்களைச் சாராயத்தில் நீர்க்கக் கரைத்து, ஒரு கருவிக்குள் வைத்து, எவ்வளவு கதிரை அந்தக் கரைசல் உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். தேங்காய் எண்ணெய்க்கு ஏழு, எட்டை ஒட்டிய எண் வந்தது. ஆய்வில் குறையில்லை. அது ஆரம்பநிலை ஆய்வு. மனிதத் தோலில் பூசி வெயிலில் நிறுத்தி அளந்தது அல்ல. தோலில் தடவிய எண்ணெய் வியர்வையோடு வழிந்து, மெல்லிய படலமாகப் பரவி, சீக்கிரமே இல்லாமல் போகிறது. அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், தடைக்கால வெயிலில் ஆறு மணி நேரம் படகைச் சுரண்டுகிறவருக்கு அது போதாது. உப்புக் காற்றில் வறண்டு வெடிக்கும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் அருமையான பொருள். வேலை முடிந்து, குளித்து, ஈரம் காய்வதற்குள் தடவினால் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். காலையில் தடவிக்கொண்டு, காப்பு கிடைத்துவிட்டது என்று நம்பி வெளியே போவதில்தான் ஆபத்து.

கற்றாழையும் அப்படியே. சுட்ட தோலை ஆற்றும், வெயிலைத் தடுக்காது. தயிர், வெள்ளரிச்சாறு, பன்னீர் எல்லாம் அந்த வேளைக்குக் குளிர்ச்சி தருபவை. சந்தனத்தையோ மஞ்சளையோ அப்பிக்கொண்டால், கனமாக இருக்கும் வரை கொஞ்சம் கதிரை மறிக்கும். பர்மாவில் பெண்களும் குழந்தைகளும் தனக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுவதும் அந்த வழக்கம்தான். காய்ந்து உதிர்ந்தபின் அந்த மறைப்பும் இல்லை. எவ்வளவு மறிக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

எலுமிச்சை விஷயத்தில் மட்டும் தயவு தாட்சணியம் வேண்டாம். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கும் சில வேதிப்பொருள்கள், தோலில் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்புளம் எழுப்பக்கூடியவை. கொப்புளம் ஆறியபிறகு விழும் கருந்தழும்பு மாதக்கணக்கில் போகாது. வெயில் கருமை போக வேண்டும் என்று தடவுகிற பொருளே கருமையை ஆழமாக்கிவிடுகிறது. வீட்டில் அரைக்கும் நலங்குமாவிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலர் அதில் கார்போகரிசி சேர்க்கிறார்கள். கார்போகரிசியில் இருக்கும் சோராலென் என்ற வேதிப்பொருள் தோலை வெயிலுக்குக் கூர்மைப்படுத்தும். அந்தக் குணத்துக்காகவே வெண்புள்ளி மருத்துவத்தில் நெடுங்காலமாக அது பயன்படுகிறது. ஆகவே நலங்குமாவு தேய்த்துக் குளிக்கிறவர்கள் நன்றாக அலசுங்கள். தோல் மென்மையானவர்களும் மங்கு உள்ளவர்களும் கார்போகரிசியை விட்டுவிட்டே மாவு அரைக்கலாம். பாசிப்பயறும் ஆவாரம்பூவும் இருந்தாலே குளியலுக்குப் போதும்.

அப்படியானால் பூசுவதில் இயற்கைக்கு நெருக்கமானது எது? தாதுப்பொருளால் ஆன சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய இரண்டு வெண்பொடிகளும் தோலின் மேலேயே தங்கிக் கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன, ஒரு பங்கைத் திருப்பியும் அனுப்புகின்றன. கிரிக்கெட் வீரர்கள் உதட்டிலும் மூக்கிலும் வெள்ளையாகப் பூசிக்கொள்வது இந்த ஜிங்க்தான். எரிச்சல் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் ஒவ்வாமைத் தோலுக்கும் மருத்துவர்கள் முதலில் இதையே சொல்கிறார்கள். ஜிங்க் பொடியை வாங்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று சொல்லித்தருகிறார்கள். அது வேண்டாம். பொடி கட்டிகட்டியாக நிற்கும், ஓரிடத்தில் கனமாகவும் பக்கத்தில் வெறுமையாகவும் படியும். அந்த வெற்றிடம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது.

கடையில் வாங்குகிறவர்கள் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. அந்த எண் யூவி-பிக்கு உரியது. எஸ்பிஎஃப் 30 ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் 98 சதவீதம். வித்தியாசம் சொற்பம். யூவி-ஏ காப்புக்கு ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்றோ, பிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டக்கூடியது. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். முகத்தில் சாம்பல் பூசியது போன்ற வெளுப்பும் அதில் தெரியாது.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். டப்பாவில் அச்சிட்ட எண் கிடைக்க வேண்டுமானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தடவினால் 50 என்ற எண் பெயருக்குத்தான். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வியர்த்தாலும் தண்ணீரில் இறங்கினாலும் அதற்கும் முன்பே. தினமும் பூசுவதில் பலன் உண்டா என்றால் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த சோதனையில், நாள்தோறும் பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன, தோல் மூப்பும் தள்ளிப்போனது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இந்த அளவில் நாளுக்கு இரண்டு தடவை பூசினாலே 50 கிராம் டியூப் ஒரு மாதம் தாங்காது. கை, கால், முதுகு என்று போனால் வாரத்துக்கே காணாது. தினக்கூலியில் வாழும் குடும்பத்திடம் இதைப் பூசச் சொல்வது நியாயம் ஆகாது. எனவே இந்தக் கரையில் பெரும்பாலானவர்களுக்கான பதில் டியூபில் இல்லை.

அந்தப் பதிலை நடவு வயலில் பார்க்கலாம். புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டு வரை பட்டன் மாட்டி, காலரைத் தூக்கிவிட்டு, காதும் பிடரியும் மறையத் துண்டைச் சுற்றிக்கட்டி, மிச்சம் இருக்கிற முனையைத் தாடைக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் நாற்று நடுகிறார்கள். வாய்க்கால் தூர்வாருகிறவர்களும் அப்படியே. யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. தோல் மருத்துவர் ஒருவர் முதல் மருந்தாக எழுதித்தரக்கூடியது இதுதான். துணி வழிந்துபோகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டாம், துவைத்துத் துவைத்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும். முண்டாசு கட்டும் ஆண்களும் இதே அறிவைத் தலையில் வைத்திருக்கிறார்கள். பனியனோடும் வெறும் முதுகோடும் கரையில் வேலை செய்யும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாத் துணியும் ஒன்றல்ல. நெருக்கமாக நெய்ததும் அடர்ந்த நிறமுள்ளதும் அதிகம் காக்கும். தேய்ந்து நைந்த வெள்ளைப் பருத்தித் துணி குறைவாகத்தான் காக்கும், நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் குறையும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். கடலில் நனைந்து வேலை செய்கிறவர்களுக்கு, சீக்கிரம் உலரும் இறுகிய நெசவுள்ள முழுக்கை ஜெர்சி நல்லது. தலைக்கு, முன்விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் காதையும் பிடரியையும் விட்டுவிடுகிறது. சுற்றிலும் மூன்று விரற்கடைக்கு மேல் விளிம்புள்ள தொப்பி வேண்டும். பனையோலைத் தொப்பி இந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். கண்ணுக்கு யூவி 400 என்று குறிப்பிட்ட கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி என்பது மட்டும் போதாது. காப்பில்லாத கறுப்புக் கண்ணாடிக்குள் கண்பாவை விரிந்து, கூடுதல் கதிர் உள்ளே போகும்.

நிழலை நம்புவதிலும் அளவு வேண்டும். டெக்சாஸில் ஒரு ஏரிக்கரையில் நடத்திய ஆய்வை 2017-ல் வெளியிட்டார்கள். நண்பகலில் மூன்றரை மணி நேரம் கடற்கரைக் குடைக்குக் கீழே மட்டும் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் சுட்டிருந்தது. கதிர் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது, மணலிலிருந்தும் எழும்புகிறது. சவுக்குத் தோப்பின் ஓட்டை நிழலிலும் அப்படித்தான். புங்கமரத்தின் அடர்ந்த நிழலோ, ஓலைக் கொட்டகையோ ஆகட்டும், அதன் கீழே சட்டையோடு இருங்கள்.

நேரத்துக்கு ஒரு சுலபமான அளவுகோல் இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. காரைக்காலில் சித்திரை மாதம் இது ஏறத்தாழ காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை. மார்கழியில் கூட 10 மணியிலிருந்து 2 மணி வரை அப்படித்தான் இருக்கும். குளிர்காலத்தில் வெயில் உறைக்காது என்ற நம்பிக்கை இந்த அகலாங்கில் செல்லாது. வைட்டமின்-டி வேண்டாமா என்று கேட்கலாம், வேண்டும்தான். நிழல் குட்டையாக இருக்கும் அந்த நேரத்தில்தான் அது தோலில் நன்றாக உருவாகிறது. சூரியன் உதித்த உடனே வரும் இளவெயிலில் மிகச் சொற்பம். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் கையும் காலும் படச் சில நிமிடங்கள் நின்றுவிட்டு உள்ளே போகலாம். வெளி வேலை செய்பவர்களுக்கு இதற்கென்று தனியாக வெயில் காய வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வெயில் கருமைக்கு மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ‘ஃபேர்னஸ்’ கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. ஒரு வாரத்தில் முகம் வெளுத்தாற்போல் இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, முகப்பரு கிளம்பி, வெயிலே தாங்காத முகமாகிவிடும். 2018-ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். தோலைக் காப்பது வெள்ளையாவதற்கு அல்ல. பிறந்த நிறத்தில், புண்ணின்றி, கண் தெளிவாக வயதாவதற்கு. ரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகளும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் என்பதால், புதிதாக மாத்திரை தொடங்குகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். முகத்திலோ உதட்டிலோ ஒரு மாதமாகியும் ஆறாத புண் இருந்தால் பூச்சு எதுவும் தேடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளியில் வேலை செய்ததன் விளைவாக வந்த தோல் புற்றுநோயால் 2019-ல் 183 நாடுகளில் ஏறத்தாழ 19,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் கணக்கு வெளியிட்டன. வெயிலை இவ்விரு அமைப்புகளும் தொழில் ஆபத்தாகவே பார்க்கின்றன. நாமும் அப்படிப் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்துக் கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து, வலை பின்னும் இடங்களிலும் மீன் காயவைக்கும் களங்களிலும் கொட்டகை போடட்டும். ஒப்பந்தக்காரர்கள் மண்வெட்டி கொடுக்கும்போதே ஒரு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கொடுக்கட்டும். பள்ளிகள் விளையாட்டு வகுப்பையும் அணிவகுப்புப் பயிற்சியையும் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 3 மணிக்குப் பின்பும் வைக்கட்டும். அதற்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை, கால அட்டவணையைத் திருத்தினால் போதும். தலைமையாசிரியர்கள் அதை வருகிற திங்கட்கிழமையே செய்யலாம்.